இடப்பக்கத்து முகம்

தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. தாசையன் கையை நக்கிவிட்டு, "முடிஞ்சிட்டு" என்று எழுந்தான்.

"லேய், உக்காரு" என்றான் இடப்பக்கம் இருந்த உலகநாதன். தட்டைப் பிடித்து அரைவட்டம் திருப்பி வைத்தான். தாசையன் குனிந்து பார்த்தான். "எவன்லே இப்ப சோறு வச்சது?" என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்து மீதியையும் தின்னத் தொடங்கினான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அது தினமும் நடக்கும் வேடிக்கை போல இருந்தது.

கோகிலவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மேலக்கரை மத்தியச் சிறைக்குக் கண் பரிசோதகராக வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வயதான கைதிகளுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுப்பதுதான் வேலை என்று சொல்லித்தான் கோபியிலிருந்து இவ்வளவு தூரம் அனுப்பியிருந்தார்கள். உணவுக்கூடத்தின் வாசலில் நின்று, அந்த மனிதன் இரண்டாவது பாதியைத் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குவளை அவனுடைய இடது கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவன் அதை வலப்பக்கம் தேடினான். கிடைக்காமல், தண்ணீர் குடிக்காமலே எழுந்து போனான்.

அன்று சாயங்காலமே ஜெயிலர் குருபாதத்தின் அறைக்குப் போனாள்.

"சார், தாசையன்னு ஒருத்தர் இருக்காருங்களே. அவரு எதுக்கு உள்ள வந்தாருங்க?"

"வேன் டிரைவர்மா. பள்ளிக்கூடத்து ரோட்டுல ஒரு சின்னப் பிள்ளையை அடிச்சுப் போட்டுட்டு, நிக்காமப் போனான். பத்து வருஷம். ஏன், ஏதும் தகராறு பண்ணினானா?"

"அந்தப் பிள்ளை ரோட்டுக்கு எந்தப் பக்கம் நின்னுச்சுங்க?"

குருபாதம் கண்ணாடியைக் கழற்றினார். "இடப்பக்கம். ஓரமாத்தான் நின்னுச்சாம். அதுதான் ஊரே கொதிச்சுது. கோர்ட்டுல வந்து நின்னுக்கிட்டு, நான் யாரையும் பாக்கலைன்னு திரும்பத் திரும்பச் சொன்னான். ஒரு பொட்டுத் தண்ணி கண்ணுல வரலை."

"அவரு பாத்திருக்க மாட்டாருங்க சார். அவருக்கு இடப்பக்கம்னு ஒண்ணு இல்லவே இல்லைங்க."

அவள் விளக்கினாள். கண்ணில் கோளாறு இல்லை. கண் பார்க்கிறது, மூளை வாங்கிக்கொள்ள மறுக்கிறது. தலையின் வலப்பக்கம் பலமாக அடிபட்டால் சிலருக்கு இப்படி ஆகும். உலகத்தின் இடது பாதி காணாமல் போய்விடும். காணாமல் போனது என்று அவர்களுக்கே தெரியாது, அதுதான் கொடுமை. கண் தெரியாதவன் தடவித் தடவியாவது நடப்பான். இவன் எல்லாம் தெரிகிறது என்று நினைத்து வண்டி ஓட்டியிருக்கிறான்.

"விபத்துக்கு ஒரு வாரம் முந்தி வேன் மேல லக்கேஜ் கட்டும்போது விழுந்திருக்காருங்க. பெரியாஸ்பத்திரியில தையல் போட்டு அனுப்பிட்டாங்களாம். ஸ்கேன் எடுக்கவே இல்லை. இப்ப நான் கேட்டப்பதான் சொன்னாரு."

"இங்க உள்ள இருக்கிறவன்ல பாதிப் பேருக்கு மண்டையில தையல் இருக்கும்மா" என்றார் குருபாதம். குரலில் எரிச்சல் இல்லை, அலுப்புதான் இருந்தது. "அதைச் சொல்லி அப்பீல் போற காலமெல்லாம் முடிஞ்சு போச்சு. இனிமே அவனுக்கு இருக்கிறது அந்த மெஷின் ஒண்ணுதான். அதுலயும் ரெண்டு தடவை தோத்துட்டான். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதையும் விட்டா முழுசா உள்ளதான்."

அந்த மெஷினுக்கு அரசாங்கம் வைத்த பெயர் மனவருத்த அளவி. கைதிகள் வைத்த பெயர் உறுத்தல் மெஷின். பழைய காலத்தில் நன்னடத்தை பார்த்து முன்கூட்டியே விடுதலை செய்வார்கள். அதில் சிபாரிசும் காசும் விளையாடுகிறது என்று புகார் கிளம்பியதால் மெஷினைக் கொண்டுவந்தார்கள். திரையில் இரண்டு முகங்கள் வரும். ஒன்று கைதியால் இறந்துபோனவருடையது. மற்றது முன்பின் தெரியாத யாரோ ஒருவருடையது. கைதியின் கண்மணி எதன்மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மெஷின் அளக்கும். மனசு உறுத்துகிறவன் செத்தவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டான் என்பது அதைச் செய்தவர்களின் கணக்கு. அறுபது மதிப்பெண் எடுத்தால் வெளியே போகலாம். தாசையன் முதல் தடவை எடுத்தது நாலு. அடுத்த தடவை மூணு.

கோகிலவாணி போய் அந்த மெஷினைப் பார்த்தாள். செத்தவரின் முகம் எப்போதும் இடப்பக்கம்தான் வந்தது.

"படத்தை மட்டும் பக்கம் மாத்திப் போட்டாப் போதுங்க சார்" என்று திரும்பி வந்து கெஞ்சினாள். "வேற ஒண்ணுமே வேண்டாம்."

"கோர்ட் சீல் வச்ச மெஷின்மா அது. நான் தூசி தட்டணும்னாக்கூட மேல கேக்கணும். மெஷினை மாத்த முடியாது. ஆளை மாத்த முடிஞ்சா மாத்துங்க."

ஆளை மாற்ற ஒரு வழி இருந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் புதிதாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். தடித்த பிரேம் போட்ட கண்ணாடி. அதன் காம்பிலிருந்து காதுக்குப் பின்னால் மண்டையோட்டை ஒட்டி ஒரு பட்டை ஓடும். மூளை தூங்கிக்கொண்டிருக்கும் இடத்தைப் பட்டை மெல்லத் தட்டி எழுப்பும். இடப்பக்கம் விழுந்ததைக் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்குத் தள்ளிக் கொடுக்கும். எவ்வளவு தட்ட வேண்டும் என்பதை ஒரு ரிமோட்டில் கூட்டலாம், குறைக்கலாம். கோகிலவாணி தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் போனில் பேசி, இரவல் கேட்டு, ஒன்றை வரவழைத்தாள்.

முதல் நாள் மாட்டிவிட்டபோது அவனுக்குக் குமட்டியது. "கப்பல்ல நிக்கிற மாதிரி இருக்கு மேடம்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டான். நாலைந்து நாளில் குமட்டல் நின்றது. அப்புறம் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. கதவுக்கு இன்னொரு பக்கம் வந்தது. அவன் சட்டைக்கு இன்னொரு கை வந்தது.

ஒரு நாள் காலையில் எண்ணிக்கை எடுக்க ஜோடி ஜோடியாகக் குந்தவைத்திருந்தபோது தாசையன் திடீரென்று திரும்பி, "நீ யாருவே?" என்று கேட்டானாம். பிளாக்கே சிரித்துப் புரண்டது.

"மூணு வருஷமா இவன் பக்கத்துலதான் மேடம் படுக்கேன்" என்று உலகநாதன் கோகிலவாணியிடம் புகார் சொன்னான். "என் மூஞ்சியை இப்பத்தான் பாக்கானாம். பாத்துட்டு என்ன சொல்லுதான் தெரியுமா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா வேற பிளாக் கேட்டிருப்பேங்கான்."

அவளும் சிரித்தாள். ஊரை விட்டு வந்தபிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அறைக்குத் திரும்பித் தனியாகச் சமைத்துச் சாப்பிடும்போதும் சிரிப்பு மிச்சம் இருந்தது.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. தாசையன் கேள்வி கேட்க ஆரம்பித்தான்.

"மேடம், இவ்வளவு நாளும் எனக்கு எவ்வளவு தெரியாம இருந்திருக்கும்?"

"பாதிங்க."

"ரோட்டுல போனா?"

"ரோட்டுலயும் பாதிதான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த முறை வந்தபோது இன்னொன்று கேட்டான். "அன்னைக்கு வண்டி லேசாத் தூக்கிப் போட்டுச்சு மேடம். குழின்னு நினைச்சேன். பின்னாடி சத்தம் கேட்டுச்சு. வேற எவனோ சண்டை போடுதான்னு நினைச்சேன். இவ்வளவு நாளும் இவங்க எல்லாரும் சேந்து என்மேல அநியாயமாக் கட்டிவிட்டாங்கன்னு நம்பிக்கிட்டு இருந்தேன். நிம்மதியாத் தூங்கினேன் மேடம்."

"இப்பத் தூங்கறதில்லையாங்க?"

அவன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான்.

பயிற்சிக்காக இரண்டு முகப் படங்களைக் காட்டினால் அவன் இடப்பக்கத்து முகத்தை நன்றாகவே பார்த்தான். மாம்பழமோ மாடோ எந்தப் படமானாலும் பார்த்தான். எழுபதுக்குக் குறையாமல் எடுப்பான். கணக்கெல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் எதையோ அளக்காமல் விட்டுவிட்டோம் என்ற நினைப்பு கோகிலவாணியை விடவில்லை.

சோதனை நாள் வந்தது. குழுவில் மூன்று பேர். ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா ஒருவர் தலைவர், ஒரு மனநல மருத்துவர், குருபாதம். இறந்தவரின் வீட்டிலிருந்து ஒருவர் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், பேசக் கூடாது என்பது விதி. இறந்த பிள்ளை வெண்ணிலாவின் அம்மா இசக்கியம்மாள் வந்திருந்தாள். முந்தைய இரண்டு தடவையும் வந்தவள்தான். பீடித் தொழிலாளி. மடியில் ஒரு மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தாசையனின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரை எரிந்தது. வலப்பக்கம் யாரோ ஒரு பெண்மணி. இடப்பக்கம் வெண்ணிலா. பள்ளிக்கூடத்து அடையாள அட்டைக்கு எடுத்த படம். இரட்டைச் சடை, முன்பல் ஒன்று இல்லை. பல் இல்லாதது தெரியக் கூடாதென்று வாயை இறுக்கி மூடப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்ட முகம்.

தாசையன் பார்த்தான். ஒரு கணம்தான். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கண்களை இறுக மூடி, முகத்தை நாற்காலியின் முதுகோடு வைத்துத் தேய்த்துக்கொண்டான். காவலர் தோளைப் பிடித்து நேராக்கினார். அவன் கண்ணைத் திறக்கவே இல்லை. நேரம் முடிந்து மெஷின் மணி அடித்தது.

இரண்டு.

"முன்னைவிடக் குறைவு" என்றார் நீதிபதி அம்மா. "முகத்தைப் பார்க்கவே மறுக்கிறார். இதற்குமேல் என்ன இருக்கிறது?"

கோகிலவாணி எழுந்தது அவளுக்கே தெரியாது. "மேடம், பட்டை பழுதுங்க. திடீர்னு அதிகமாத் தட்டிருச்சு. வலி தாங்காம மூடிட்டாருங்க. கருவிக் கோளாறுன்னா மறுசோதனை உண்டுன்னு விதியில இருக்குதுங்க."

அது பொய். பட்டையில் ஒரு பழுதும் இல்லை. நீதிபதி அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "நாளை காலை. ஒரே ஒரு தடவை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், சோதனை முடிந்ததிலிருந்து அவர் கேட்டைத் தாண்டும்வரை யாரும் அந்தக் கருவியைத் தொடக் கூடாது. தொட்டால் சோதனை செல்லாது."

வெளியே போகும்போது இசக்கியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள். கோகிலவாணியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பரிசோதனை அறையில் தாசையன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"பல்லு விழுந்திருக்கு மேடம்" என்றான். "என் மகளுக்கும் அந்த வயசுலதான் விழுந்துச்சு. நான் உள்ள வந்தப்ப."

"தாசையன், நான் சொல்லறதைக் கவனமாக் கேளுங்க. ஒரு வழி இருக்குது. பட்டையைப் பாதியாக் குறைச்சு வச்சா, இடப்பக்கம் என்னமோ இருக்குதுன்னு தெரியும். கண்ணு அங்க போகும், நிக்கும். ஆனா என்னன்னு தெரியாது. வெளிச்சம் மாதிரி, ஒரு திட்டு மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

அவன் திரும்பினான். "அந்தப் பிள்ளை தெரியாதா?"

"தெரியாதுங்க."

"தெரியாமப் பாத்தா மனசு உறுத்துதுன்னு சொல்லும். தெரிஞ்சு பாத்தா உறுத்தலைன்னு சொல்லும்." அவன் சிரிக்கப் பார்த்தான். "நல்ல மெஷின் மேடம்."

அவள் காத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது. சரி என்று சொல்லிவிடுவானோ என்றும் பயமாக இருந்தது.

"என் மகள் போன வாரம் என்னைப் பாக்க மனு போட்டு வந்தா" என்றான் கடைசியில். "கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, எப்பப்பா வருவேன்னு கேட்டா. குறைச்சு வைங்க மேடம்."

மறுநாள் அவன் திரையின் இடப்பக்கத்தைப் பார்த்து அசையாமல் உட்கார்ந்திருந்தான். கண் இமைக்கவில்லை. கை மடியில் அமைதியாகக் கிடந்தது. மணி அடித்தபோது மெஷின் தொண்ணூற்றொன்று என்றது. மருத்துவர் தலையை ஆட்டினார். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி, நெகிழ்ந்த குரலில், "மனிதன் மாறுவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை" என்றார். கையெழுத்துப் போட்டார்கள்.

கோகிலவாணி ரிமோட்டைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போகும் நடைக்கு வந்தாள். சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்க முடியவில்லை. இசக்கியம்மாள் அங்கே ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்கதானே கண்ணு டாக்டர்?"

"டாக்டர் இல்லைங்க அக்கா. பரிசோதகருங்க."

"நேத்து அவன் கண்ணை மூடினாம்லா." இசக்கியம்மாள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "இவ்வளவு வருஷத்துல எனக்கு நேத்துத்தான் கொஞ்சம் ஆறுச்சு. என் பிள்ளை மூஞ்சியைப் பாத்துத் தாங்க முடியலை அவனுக்கு. அது போதும்னு இருந்துச்சு. வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கித் தின்னேன். இன்னைக்கு டிவி பாக்கிற மாதிரி பாத்துக்கிட்டு இருக்கான். ஒரே நாள்ல அவனை என்ன பண்ணினிய?"

"அக்கா..." என்று தொடங்கினாள் கோகிலவாணி.

அதற்குள் அலுவலகக் கதவு திறந்தது. தாசையன் தன் துணிப்பையோடு வந்தான். பழைய சட்டை, இப்போது தொளதொளவென்று இருந்தது. அவனுக்கு இடப்பக்கம், சுவரோரமாக இசக்கியம்மாள். கை நீட்டினால் தொடலாம். அவன் அவளைக் கடந்து, திரும்பாமல் நடந்தான்.

"பாத்தியளா" என்றாள் இசக்கியம்மாள். "அன்னைக்கும் இப்படித்தான். எம் பிள்ளையைத் தாண்டி, திரும்பாமப் போனான்."

தாசையன் நின்றான். குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடினான். வலப்பக்கம் திரும்பினான். சுவரைப் பார்த்தான். அந்தச் சுவரோரம் நின்ற கோகிலவாணியைக் கண்டுபிடித்தான்.

"மேடம், யாரு பேசுதது?"

"அந்தப் பிள்ளையோட அம்மாங்க."

"எங்க நிக்காங்க?"

"உங்களுக்குப் பின்னாலங்க. இடப்பக்கம்."

கேட்டில் நின்ற காவலர் உரக்கக் கூப்பிட்டார். "தாசையா, சீக்கிரம் வா. வீட்டு ஆளுக வெளிய காத்துக்கிட்டு இருக்காங்க."

"பட்டையைக் கூட்டுங்க மேடம்" என்றான் தாசையன்.

"இப்ப முடியாதுங்க. கேட்டைத் தாண்டற வரைக்கும் தொடக் கூடாது. தொட்டா எல்லாம் போச்சு. பத்தே அடிங்க. வெளிய போயிருங்க, அங்க வச்சுக் கூட்டறேன்."

"அங்க இவங்க இருக்க மாட்டாங்க." அவன் துணிப்பையைக் கீழே வைத்தான். "கூட்டுங்க."

அவள் பைக்குள் கைவிட்டாள். ரிமோட்டை எடுத்து அதன் சக்கரத்தைக் கடைசிவரை திருகினாள்.

தாசையன் மெதுவாக இடப்பக்கம் திரும்பினான். தன்முன் ஒரு பெண் இருப்பதைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அதில் அந்த வாய் இருந்தது, இறுக்கி மூடப் பார்க்கும் அதே வாய். அவன் தரையில் குந்தினான். கண்ணை மூடப்போனான். மூடவில்லை. தண்ணீர் கன்னத்தில் இறங்கிச் சட்டைக்குள் போனது. இசக்கியம்மாளும் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நடையின் கோடியிலிருந்து குருபாதம் வேகமாக வந்தார். தரையில் குந்தியிருந்தவனைப் பார்த்தார். கோகிலவாணியின் கையில் இருந்த ரிமோட்டைப் பார்த்தார். முகம் இருண்டது.

"என்னம்மா பண்ணினீங்க? அதைத் தொட்டீங்களா?"

கோகிலவாணி வாயைத் திறந்தாள்.

"யாரும் எதையும் தொடலை சார்" என்றாள் இசக்கியம்மாள், தாசையனிடமிருந்து கண்ணை எடுக்காமல். "நான் இங்கதானே நிக்கேன். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."